மூழ்கியது கப்பல், மிதந்தது கமிஷன்!

"ஜெர்மன் சரக்கு" என்றால் கேள்வி கேட்கக் கூடாதாம். "ராணுவ விஷயம்" என்றால் வாயையே திறக்கக் கூடாதாம். முதலாளிப் பத்திரிகைகள் நாள்தோறும் ஓதுகிற வேதம் இது. கணக்குக் கேட்பவன் தேசத் துரோகி; கமிஷன் வாங்கியவன் தேச பக்தன்!

ஏன் இப்போது இந்தப் பேச்சு? நம் கப்பற்படைக்கு ஆறு நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுவதற்கு 2021 ஜூனில் மத்திய சர்க்கார் போட்ட மதிப்பீடு சுமார் 43,000 கோடி ரூபாய். பல நாட்டுக் கம்பெனிகள் வந்து பார்த்தன, விலகிப் போயின. 2025 தொடக்கத்தில் களத்தில் மிஞ்சி நின்றது ஜெர்மனியின் டிசென்குரூப் கம்பெனியின் கப்பல் பிரிவு. பம்பாய் மஸகான் டாக் கப்பல் தளத்தோடு சேர்ந்து கட்டுவது என்று ஏற்பாடு. 2025 செப்டம்பரில் பேரம் தொடங்கியது.

"கடலே கண்ணில் படாத கடமலைக்குண்டில் உட்கார்ந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி உனக்கென்ன பேச்சு?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு நமது பதில் இது: கடல் எங்களுக்குத் தூரம்தான், ஆனால் கப்பலுக்குக் கொடுக்கும் பணம் எங்கள் மடியிலிருந்து போகிறது. வருஷநாட்டுக் கூலிக்காரி சோப்பு வாங்கும்போதும், ஆண்டிபட்டி மில் தொழிலாளி செருப்பு வாங்கும்போதும் வரி கொடுக்கிறார்கள். 100 நாள் வேலையில் மண் சுமந்த கூலியில் 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டு சர்க்காரே டில்லியிடம் முறையிட்டது. செய்த வேலைக்குக் கூலி தர மாதக்கணக்கில் காசு இல்லாத கஜானாவில், கப்பலுக்கு மட்டும் காசு இருக்கிறது. அப்படியானால் அந்தக் கப்பலின் கணக்கைக் கேட்கும் முதல் உரிமை யாருக்கு? கூலி பாக்கிக்காரனுக்குத்தான்!

தரகு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இலவமரம் ஏறிக் காய் பறிக்கிறவன் ஒருவன். உடைத்துப் பஞ்சு எடுக்கிறவள் ஒருத்தி. மரத்தையும் தொடாமல் பஞ்சையும் தொடாமல் நடுவில் நின்று கமிஷன் பிடிக்கிறவன் இன்னொருவன். கடலுக்கடியில் ஓடும் கப்பலிலும் இதே கணக்குத்தான் ஓடியிருக்கிறது. இங்கே ரூபாயில், அங்கே கோடியில். அந்தக் கதையை அடியிலிருந்து பார்ப்போம்.

குரூப் கம்பெனியின் தேசபக்தி

ஜெர்மனியின் வடகரையில் கீல் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே ஜெர்மானியா என்ற கப்பல் தளம் குரூப் என்ற பீரங்கி முதலாளியின் சொத்தாக இருந்தது. ஜெர்மன் கப்பற்படையின் முதல் நீர்மூழ்கியை அந்தத் தளம்தான் கட்டியது. 1906 டிசம்பரில் அது படையில் சேர்ந்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1904-லேயே, அதே குரூப் ரஷ்ய ஜார் மன்னனுக்கு நீர்மூழ்கிகள் கட்டித்தர ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டான். அந்தப் படகுகளின் நகலை ஒட்டித்தான் சொந்த நாட்டுக்கு முதல் படகு கட்டினான். பத்தே வருஷத்தில், 1914-ல், ஜாரின் படையும் ஜெர்மன் படையும் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்தன. விற்றவனுக்கு என்ன நஷ்டம்? இரண்டு பக்கத்திலும் வாங்கிய காசு இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது! முதலாளியின் தேசபக்தி இந்த லட்சணம்தான்.

யுத்தம் வந்ததும் கடலோரப் படகுகளுக்கு அவசரம் பிறந்தது. 1915-ல் இறக்கப்பட்ட சிறிய கடலோர நீர்மூழ்கி ஒன்றின் எடை 127 டன். நீளம் 28 மீட்டர். உள்ளே 14 பேர். துண்டு துண்டாகச் செய்து, ரயில் வண்டியில் ஏற்றி, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கும் ஆஸ்திரியாவின் போலாவுக்கும் கொண்டுபோய் அங்கே பூட்டினார்கள். நம்மூர் பஸ் இரண்டரை நீளமுள்ள தகரக் குழாய்க்குள் பதினாலு ஏழைப் பிள்ளைகளை அடைத்துக் கடலுக்கடியில் அனுப்பினார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகள் கடைசிவரை சும்மா இருக்கவில்லை. 1918 அக்டோபர் இறுதியில், தோற்றுப்போன யுத்தத்தில் இன்னொரு சண்டைக்குப் போய்ச் சாகச் சொன்னபோது ஜெர்மன் மாலுமிகள் மறுத்தார்கள். கைதான தோழர்களை விடுவிக்கக் கோரி நவம்பர் 3-ந் தேதி கீல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் 7 பேர் மாண்டார்கள். அடுத்த நாள் கப்பல் தளத் தொழிலாளிகளும் மாலுமிகளும் சேர்ந்து ஊரைக் கைப்பற்றினார்கள். நவம்பர் 9-ந் தேதி கெய்சரின் கிரீடம் கீழே விழுந்தது. நீர்மூழ்கி கட்டிய கைகள்தான் அதைத் தள்ளின.

பம்பாயில் 1946 பிப்ரவரி 18-ந் தேதி "தல்வார்" மாலுமிகள் கொடி பிடித்தபோது என்ன நடந்தது? பஞ்சாலைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் வெள்ளையன் குண்டுக்கு இரையானார்கள். மாலுமியும் மில் தொழிலாளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெடித்த உருக்கு

ஹிட்லர் யுத்தம் முடிந்தது. அடிமைத் தொழிலாளர்களை வதைத்து வேலை வாங்கிய குற்றத்துக்காக அல்ஃபிரீட் குரூப்புக்கு 1948-ல் நியூரம்பர்க் நீதிமன்றம் 12 ஆண்டு தண்டனை விதித்தது; சொத்தையும் பறிமுதல் செய்யச் சொன்னது. 1951-ல் அமெரிக்க ஹைகமிஷனர் அவனை விடுதலை செய்து சொத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்! கம்யூனிசத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனியை மறுபடி ஆயுதபாணியாக்க வேண்டுமே!

1954-ம் ஆண்டு ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனி 350 டன்னுக்கு மேல் நீர்மூழ்கி கட்டக் கூடாது. ஆகவே சிறிய கடலோர நீர்மூழ்கிகளில் தொடங்கினார்கள். முதலில் என்ன செய்தார்கள்? 1945-ல் மூழ்கிப்போன ஹிட்லர் காலத்துப் படகுகள் இரண்டை 1956-ல் கடலடியிலிருந்து தூக்கி, பழுதுபார்த்து, 1957-ல் "ஹாய்", "ஹெஷ்ட்" என்று பெயர் சூட்டிப் படையில் சேர்த்தார்கள்.

பிறகு புதுப்படகுகள். ஹிட்லர் படையில் நீர்மூழ்கிப் பொறியாளராக இருந்த உல்ரிஷ் காப்லரின் வரைபட நிலையம் நகல் போட்டது. கீல் நகரத்து ஹோவால்ட் தளம் கட்டியது. கரையோரக் கடலில் காந்தக் கண்ணிவெடிகள் கிடக்கும். சாதாரண உருக்கு காந்தத்துக்கு வசப்படும், வெடி வெடிக்கும். ஆகவே காந்தம் ஒட்டாத புதுவகை உருக்கில் உடலைச் செய்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த உருக்கை உப்புத் தண்ணீரில், பாரத்தின் கீழ், போதிய காலம் வைத்துச் சோதித்தார்களா? அவசரம் விடவில்லை.

1962 மார்ச்சில் முதல் படகு சேர்ந்தது. அந்த ஆண்டிலேயே இன்னும் இரண்டு. கடல் தண்ணீர் அந்த உருக்கை அரித்தது. உடலில் மயிரிழை வெடிப்புகள் கண்டன. 1963-ல் முதல் இரண்டு படகுகளையும் சேவையிலிருந்து நீக்கி, பழைய சாதாரண உருக்கில் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. மூன்றாவது கடைசியில் உடைப்புக்குப் போயிற்று. பன்னிரண்டு கட்டுவதாகத் திட்டம். அந்த வகையில் கட்டியது மூன்றே மூன்று. அடுத்து வந்த சில படகுகளுக்கு மேலே பூச்சுப் பூசி, "ஆழமாக மூழ்காதே" என்ற கட்டுப்பாட்டோடு ஓட்டினார்கள். மூழ்கக் கூடாத நீர்மூழ்கி! இன்னும் சிறிய ரகத்தில் இரண்டு கட்டினார்கள். ஒன்று 1965-ல் சேர்ந்தது. 1966 இறுதியில் இரண்டையும் மூட்டை கட்டினார்கள்.

மயிரிழை வெடிப்புத்தானே என்று நினைக்காதீர்கள். வைகை அணை நிரம்பினால் 71 அடித் தண்ணீர். அதைப் போல் நாலரை மடங்கு ஆழம் சுமார் 100 மீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு உள்ளங்கை அகலத்தின் மேலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் பாரத்தை ஏற்றுகிறது. மில்லில் ஓடும் பெல்ட்டில் வெடிப்பு விழுந்தால் அறுந்து கையை வெட்டும். மெஷினை நிறுத்தினால் மற்றவர் பிழைப்பார்கள். கடலுக்கடியில் உடலில் வெடிப்பு விரிந்தால் நிறுத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அதுவே பெட்டி.

1966 செப்டம்பர் 14-ந் தேதி அந்தப் பழைய "ஹாய்" வடகடலில் டாகர் திட்டுக்கருகே புயலில் மூழ்கியது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகத்தை நோக்கிப் போன படகு. உள்ளே தண்ணீர் புகுந்தது. இருந்த 20 பேரில் 19 பேர் மாண்டார்கள். யுத்தம் இல்லை, எதிரி இல்லை, குண்டு இல்லை. ஹிட்லர் கடலடியில் விட்டுப்போன இரும்பில் அமைதிக் காலத்துப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியதன் விலை அது.

"ஜெர்மன் சரக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஜெர்மன் தொழிலாளியின் கைத்திறனை நாம் குறை சொல்லவில்லை. பின்னால் அந்தத் தொழிலாளிகள்தான் குறையைக் கண்டு திருத்தி நல்ல உருக்கில் படகு கட்டினார்கள். நாம் சொல்வது இதுதான்: அவசரத்துக்கும் லாபத்துக்கும் தேசம் கிடையாது. சோதிக்காத சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வெடிக்கும்.

நம் வாசலுக்கு வந்த கீல்

அந்தக் கடலோரப் படகுகளில் கற்றுக்கொண்டதை வைத்து அதே காப்லரின் நிலையமும் அதே கீல் தளமும் வெளிநாட்டுக்கு விற்கப் பெரிய படகு ஒன்றைத் தயாரித்தன. 1968-ல் அந்தத் தளம் எச்.டி.டபிள்யூ. என்ற பெயருக்கு மாறியது. 1981 டிசம்பர் 11-ந் தேதி இந்திய சர்க்கார் அதனோடு கையெழுத்திட்டது: இரண்டு கப்பல் கீலில், இரண்டு மஸகான் டாக்கில். அப்போது அந்தத் தளத்தில் பெரும்பங்கு மேற்கு ஜெர்மன் அரசின் கையில் இருந்தது. அரசுப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் தரகு நுழையாது என்று நம்பினவர்களுக்கு விரைவிலேயே பாடம் கிடைத்தது.

1987 தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்த நம் தூதரிடமிருந்து தந்தி வந்தது. இந்த வியாபாரத்தில் 7 சதவீதம் கமிஷன் புகுந்திருக்கிறது என்பது சாரம். ராணுவ மந்திரியாக இருந்த வி.பி.சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே ஏப்ரலில் மந்திரி பதவியிலிருந்து அவரே வெளியேற நேர்ந்தது! சில நாளில் போபர்ஸ் பீரங்கி ஊழல் வெடித்தது. 1990-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. வருஷங்கள் ஓடின, ஜெர்மனியிலிருந்து வேண்டிய தஸ்தாவேஜுகள் வரவில்லை, வழக்கு அடங்கிப் போயிற்று. தண்டனை அடைந்த தரகன் ஒருவனும் இல்லை. கோழி திருடினவனைக் கம்பி எண்ண வைக்கிற சட்டம், கப்பலில் கமிஷன் அடித்தவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆனால் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. மஸகான் டாக் தொழிலாளிக்கு! கீலுக்குப் போய், நீர்மூழ்கி உடலின் கனத்த உருக்கை ஒட்டுத் தெரியாமல் வெல்டிங் செய்யக் கற்றுவந்தவர்கள் அவர்கள். அவர்கள் கட்டிய கப்பல்கள் 1992-லும் 1994-லும் படையில் சேர்ந்தன. மேற்கொண்டு கட்டும் யோசனை ஊழலோடு கைவிடப்பட்டது. 2005-ல் பிரெஞ்சுக் கம்பெனியோடு புது ஒப்பந்தம் ஆகும்வரை பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தளத்தில் புது நீர்மூழ்கி வேலை இல்லை. கற்ற கை கலைந்தது, கைத்திறன் துருப்பிடித்தது. தரகனைப் பிடிக்க முடியாத சர்க்கார், உழைப்பாளியின் வேலையை நிறுத்தியது.

எதிரிகளின் நாலு வாதம்

ஒன்று: "நீங்கள் கேள்வி கேட்டதால்தான் கப்பல் வேலை நின்றது" என்கிறார்கள். திருடனைப் பார்த்துக் கூச்சல் போட்டவனால்தான் வீடு கொள்ளை போயிற்று என்பது போல இருக்கிறது! வேலையை நிறுத்தச் சொன்னது யார்? தரகனைப் பிடி, வேலையைத் தொடர் என்பதுதான் உழைப்பாளி மக்களின் கோரிக்கை.

இரண்டு: "ராணுவ ரகசியம்." கப்பல் எத்தனை மீட்டர் மூழ்கும் என்று நாம் கேட்கவில்லை. விலை என்ன, இடையில் தின்றவன் யார் என்று கேட்கிறோம். கமிஷன் எப்போது ராணுவ ரகசியம் ஆயிற்று? ரகசியத்தைக் காக்கும் யோக்கியர்கள் யாரென்றும் பார்ப்போம். ஐ.நா. சபை 1977-ல் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு ஆயுதம் விற்கத் தடை போட்டிருந்தது. அந்தத் தடையை மீறி இதே கீல் தளமும் இதே வரைபட நிலையமும் நீர்மூழ்கி வரைபடங்களை நிறவெறியர்களுக்குக் கொடுத்தது 1986-ல் அம்பலமாயிற்று. காசுக்கு முன்னால் அவர்களுக்கு ரகசியமும் இல்லை, நியாயமும் இல்லை.

மூன்று: "ரஷ்யாவிடம் வாங்கினால் நீங்கள் பேச மாட்டீர்கள்." பேசுவோம். நம் முதல் நீர்மூழ்கி "கல்வாரி" 1967 டிசம்பரில் சோவியத் துறைமுகத்தில் நம் கொடியை ஏற்றியது. மேற்கத்திய வல்லரசுகள் கை விரித்தபோது, குறைந்த வட்டிக் கடனில், ரூபாய் வர்த்தகத்தில் கிடைத்த உதவி அது. நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் 2013 ஆகஸ்ட் 14-ந் தேதி பம்பாய்த் துறையில் ரஷ்யத் தயாரிப்பான "சிந்துரக்ஷக்" வெடித்து நம் பிள்ளைகள் 18 பேர் மாண்டார்கள். அதற்கும் பதில் வேண்டும் என்றுதான் சொல்கிறோம். மாலுமியின் உயிருக்கு முன்னால் எந்த நாட்டு முத்திரையும் பெரிதல்ல.

நாலு: "கம்யூனிஸ்டுகளுக்கு நாட்டின் பாதுகாப்பில் அக்கறை இல்லை." நாட்டுக்குக் கடற்காவல் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? காவல் வேண்டும் என்பதால்தான் கேட்கிறோம். வெடிப்பு விழுந்த உருக்கும் விலைபோன தரகனும் நாட்டைக் காக்க மாட்டார்கள். கப்பலுக்குள் இருப்பவன் முதலாளி வீட்டுப் பிள்ளை அல்ல; நம் வீட்டுப் பிள்ளை.

ஜெர்மன் தோழனும் நம் பக்கம்

கீல் தளம் 2005-ல் டிசென்குரூப் கையில் சேர்ந்தது. பழைய குரூப் பெயர் சுற்றி வந்து அதே துறைமுகத்தில் அமர்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் கப்பல் பிரிவைத் தனியாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் ஏற்றினார்கள். யுத்த பயம் ஏற ஏறப் பங்கின் விலையும் ஏறும் என்று கணக்கு. அதே கம்பெனியின் உருக்கு ஆலைப் பிரிவு 2024 நவம்பரில் என்ன அறிவித்தது? 2030-க்குள் 5,000 வேலைகளை ஒழிப்பதாகவும், இன்னும் 6,000 வேலைகளை வெளியே தள்ளிவிடுவதாகவும்! ஆயுதத்தில் லாபம், ஆலையில் ஆட்குறைப்பு. ரூர் பிரதேசத்து உருக்குத் தொழிலாளியும் தேனி மில் தொழிலாளியும் ஒரே முதலாளித்துவச் செக்கில் ஆட்டப்படுகிறார்கள்.

நம் பக்கமும் யோக்கியதை குறைவுதான். 1960-ல் சர்க்கார் உடைமையான மஸகான் டாக்கின் பங்குகளை 2020-ல் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். மக்கள் சொத்தைத் துண்டு போட்டு விற்கிறவன் மக்கள் பணத்தில் நடக்கும் பேரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்று நம்பச் சொல்கிறார்கள். இலவு காத்த கிளியின் கதையை இலவங்காட்டு ஜனங்களுக்கே சொல்ல வருகிறார்கள்!

இலவம்பஞ்சு தண்ணீரில் மூழ்காது. இரண்டு உலக யுத்தங்களிலும் மாலுமிகளின் உயிர்காப்புச் சட்டைக்குள் அந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். ஜாவாத் தீவுக் கூலிகள் பறித்த பஞ்சு எந்த நாட்டு மாலுமி என்று பார்க்காமல் உயிரைத் தாங்கியது. உழைப்பாளியின் கை உயிர் காக்கச் செய்கிறது. தரகனின் கை உயிரை விலை பேசுகிறது.

ஆகவே நாம் கேட்பது:

43,000 கோடி மதிப்பீட்டில் தொடங்கிய இந்த வியாபாரத்தின் முழு விலையையும், கப்பல் ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் பாராளுமன்றத்தில் வை!

தரகன், ஏஜெண்டு, ஆலோசகன் என்ற எந்தப் பெயரிலும் இடையாள் கூடாது. இருந்தால் ஒப்பந்தம் ரத்து, கொடுத்த பணம் வாபஸ், ஆளுக்குச் சிறை என்று ஒப்பந்தத்திலேயே எழுது!

உருக்கையும் வெல்டிங்கையும் விற்பவன் சோதித்தால் போதாது. நம் நாட்டு நிபுணர்கள் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

வேலை மஸகான் டாக்கில் நடக்கட்டும்; ஒப்பந்தக் கூலிகளாக வைத்து விரட்டாதே, நிரந்தரத் தொழிலாளிகளாக்கு. இன்னொரு முறை கற்ற கை கலையக் கூடாது.

செய்த வேலைக்குக் கூலி பாக்கி வைக்காதே! மண் சுமந்தவளின் கூலிக்குப் பிறகுதான் கப்பல்காரனின் முன்பணம்.

தோழர்களே! சங்கக் கூட்டத்தில் இதைப் படியுங்கள். களத்து மேட்டில் பேசுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: "1981-ம் வருஷத்துக் கமிஷன் யார் வீட்டில் இருக்கிறது? புதுக் கமிஷனுக்கு யார் வீட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறது?" பதில் வரும்வரை விடாதீர்கள்!